முதலை முதுகில் என் பெயர்

ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் ஊறுகிற வாசனை மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு ஒரு மர முதலை ஞாபகம் வருகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் இருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கூலி வேலை எனக்கு. முதலாளியின் மைத்துனர் கப்பலில் வேலை பார்த்தவர்; ஆப்பிரிக்காவில் காங்கோ தேசத்திலிருந்து அந்த முதலையைக் கொண்டுவந்திருந்தார். முழ நீளம். கருத்த மரம். வாலெல்லாம் செதில் செதிலாக உளி நடந்த தடம். முதுகு மட்டும் பலகைபோல் வழவழப்பு. செதுக்கியவன் ஆற்றங்கரையில் முதலையோடு படுத்து மூச்சு விட்டிருக்க வேண்டும்!

அங்கே களவு போனால், அந்த முதுகில் எண்ணெய் பூசி, ஒரு மரக்குமிழைத் தேய்த்தபடி பெயர்களைச் சொல்வார்களாம். எவன் பெயரில் குமிழ் நிற்கிறதோ, அவன்தான் திருடன்.

ஒருநாள் ஆட்டுத்தோல் கட்டு ஒன்றைக் காணோம். முதலை மேஜைக்கு வந்தது. மைத்துனர் எண்ணெய் பூசிக் குமிழைத் தேய்த்தார். ஷாப் வழக்கப்படி பெயர்கள் மேலிருந்து வந்தன: நியாயத்துக்கு முதலாளி பெயரே முதலில், பிறகு மேஸ்திரி, அப்படியே இறங்கிக் கடைசியில் நான். என் பெயரில் குமிழ் நின்றது.

"இன்னாடா, முதலையே காட்டிக் குடுத்துடுச்சு!" என்றார் மேஸ்திரி.

வேலை போனால் போகட்டும். திருடன் என்ற பெயரோடு இந்தப் பக்கத்தில் எந்த ஷாப் வாசலை மிதிப்பது? முதலையையே வெறித்தேன். தொடக்கத்தில் பளபளத்த முதுகு, இப்போது காய்ந்து மங்கிக் கிடந்தது.

"முதலாளி, இன்னொரு வாட்டி எண்ணெய் பூசச் சொல்லுங்க. இந்த வாட்டி கீழேர்ந்து மேல வரட்டும். மொதல்ல எம் பேரு."

"தொரை சட்டம் சொல்றாரு!" மேஸ்திரி நக்கலடித்தார். முதலாளி தலையசைத்துவிட்டார்.

என் பெயரில் குமிழ் மீன்போல வழுக்கி ஓடியது. மேஸ்திரியிடம் வரும்போதே திணறியது. முதலாளி பெயரில் அசையாமல் நின்றது.

பிறகு முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "யா அல்லா! என் தோலை நானே திருடிட்டேனா? போய்த் தொட்டியெல்லாம் துழாவுங்கடா!"

கயிறு அறுந்த கட்டு, சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் கிடந்தது. துழாவிய கைகளில் சுண்ணாம்பு வழிய வழிய என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஷாப்பைச் சுற்றினார்கள் தோஸ்துகள். மேஸ்திரி தலையும் அந்தக் கூட்டத்தில் தெரிந்தது.

முதலைமேல் எனக்குக் கோபமே இல்லை. எண்ணெய் தீர்ந்த இடத்தில் பழி வந்து நிற்கும், அந்த இடத்தில் நிற்பவன் வாய் திறந்தே ஆக வேண்டும் என்று எனக்குக் காட்டியது அதுதான்.

கப்பலுக்குத் திரும்பிய அன்று, மைத்துனர் ரயிலடியில் துணி சுற்றிய முதலையை என் கையில் திணித்தார்.

"நீயே வெச்சுக்கோப்பா. எங்க வூட்ல இருந்தா மச்சானையே திருடன்னு காட்டுது!"