கம்பியில் கட்டிய கைப்பட்டை

இங்கே எழுதுபவை நான் நேரில் கண்டவை; அல்லது அன்று என்னுடன் பணியிலிருந்த செவிலி தாம் கண்டதாக உறுதிசெய்தவை. இந்நிகழ்ச்சி எங்கள் மருத்துவமனைக்குள் வாய்க்கு வாய் மாறி, நான் சொல்லாத சொற்களெல்லாம் என் பெயரில் உலவுகின்றன. அவற்றை மறுத்து மறுத்துச் சலித்துவிட்டேன். ஆகவே ஐயமற்றதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஆண்கள் கூடத்தில், சங்கு குளிக்கும் தொழிலாளர் இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தனர். முந்தைய நாள்தான் சேர்ந்தவர்கள். நான் அதுவரை பார்த்திராதவர்கள். ஒரே தெருவினர், வயதிலும் பெரிய வேறுபாடில்லை. பங்குக் கோயிலின் புனிதர் பெயரே இருவருக்கும். தந்தையர் பெயரும் ஒன்றே. இக்கரையில் அது வியப்பன்று. இளையவருக்கு, மூட்டுவலிக்காகத் தாமே வாங்கி விழுங்கிய மாத்திரைகளால் வயிறு புண்ணாகிக் குருதி கசிந்துகொண்டிருந்தது. மூத்தவருக்கு மூச்சிரைப்பு.

காலையில் இளையவருக்கான குருதிப்பை வந்தது. செலுத்துமுன் இரு செவிலியர் சேர்ந்து சரிபார்ப்பது விதி. சன்னலோரக் கட்டிலுக்குச் சென்றோம். படுத்திருந்தவரிடம் பெயரைச் சொல்லுமாறு கேட்டேன், சொன்னார். தந்தை பெயரையும் சொன்னார். இரண்டும் பைமேல் இருந்தவையே. கையைப் பார்த்தேன், நோயாளி எண் எழுதிய பட்டை அங்கில்லை. ஊசி ஏற்றிய கை வீங்கினால் பட்டையை வெட்டியெடுத்துக் கட்டில் கம்பியில் கட்டிவிடுவது எங்கள் கூடத்தில் வழக்கமாகியிருந்தது. இரு கட்டில்களிலும் அவ்வாறே கட்டியிருந்தார்கள். சன்னலோரக் கம்பியில் இருந்த எண்ணும் பையின் எண்ணும் பொருந்தின.

“எல்லாம் சரியாத்தான இருக்கு அக்கா? ஏத்திருவோம்,” என்றாள் உடனிருந்தவள். அவளைக் குறைகூற மாட்டேன். மேலும் ஒரு செவிலி பணியில் இருந்திருக்க வேண்டிய கூடம் அது. எனக்கும் சற்றே உட்கார்ந்தால் போதுமென்றிருந்தது. ஆயினும், கம்பியில் உள்ள பட்டை கட்டிலையே அடையாளம் காட்டும், ஆளையன்று. அவரிடமிருந்து புதிதாகக் குருதியெடுத்து வகை பார்த்த பின்னரே செலுத்துவேன் என்றேன்.

ஆய்வகத்தில் நெரிசல். குருதி வங்கியோ நகரின் மறுபக்கம். திருப்பியனுப்பினாலும் குளிர் குறையுமுன் பை அங்கே சேராது. காத்திருந்தோம். முடிவு வந்தபோது வகை வேறாக இருந்தது. அந்தக் குருதி ஏறியிருந்தால் படுத்திருந்தவரின் உயிருக்கே கேடு நேர்ந்திருக்கும்.

அதற்குள், வீட்டுக்குப் போயிருந்த இளையவரின் மனைவி கஞ்சித் தூக்குடன் திரும்பினாள். நடந்ததைக் கேட்டு, “அங்கன படுத்திருக்கது எங்க தெரு அண்ணாச்சில்லா? அவுகளுக்கு மூச்சு முட்டுதுன்னு, காத்து வார கட்டில நேத்தே இவரு விட்டுக்குடுத்துட்டாரு,” என்றாள்.

சோர்ந்து கண்மூடிக் கிடந்த இளையவர் எதையும் அறிந்திருக்கவில்லை. கட்டில் மாறியதை ஏன் சொல்லவில்லை என்று மூத்தவரிடம் கேட்டேன்.

“சொன்னா அவன ஏசுவியன்னு இருந்துட்டேன், சிஸ்டர். ரெத்தம் கொண்டாந்திய, எனக்கும் வேணும்போலன்னு நெனச்சேன்.”

குளிரை விட்டு நெடுநேரம் வெளியே இருந்த பையை இனி யாருக்கும் செலுத்தலாகாது. அதில் நோய்க்கிருமி பெருகக்கூடும் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

“அண்ணாச்சியக் காப்பாத்திட்டிய. எங்க வீட்டுக்காரருக்கு என்ன வழி சொல்லுதிய?”

வேறு பைக்குச் சொல்லியனுப்பியிருப்பதாகச் சொன்னேன். அது வர நண்பகல் கடந்தது. அதற்குள் அவர் மீண்டும் குருதி வாந்தியெடுத்தார். வீங்காத கையில் புதுப் பட்டை கட்டி, இம்முறை ஒவ்வொன்றையும் அவர் மனைவியிடமும் கேட்டு உறுதிசெய்து, குருதியை ஏற்றினோம். பிற்பகலில் திருநெல்வேலியில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவர் இறந்தார். வீடு திரும்பியபின் ஒருநாள் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வந்த மூத்தவர்தான் அதைச் சொன்னார். பிறகு மருந்துக்கான வரிசையில் போய் நின்றார்.

காலையிலேயே முதற்பை இளையவருக்கு ஏறியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல இயலாது என்றார். எனக்கும் தெரியாது.