வாசலில் நிற்க முடியாத வண்டி

கோயம்புத்தூருக்கு மேற்கே, மலையாள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பக்கம் யார் தோட்டத்திலாவது போர்வெல் மோட்டார் நின்றுபோனால் காளிச்சாமிக்குத்தான் முதலில் போன் போகும். எண்ணூறு அடி ஆழத்தில் சிக்கிக்கொண்ட மோட்டாரைக்கூடக் குழாய் உடையாமல் மேலே கொண்டுவந்துவிடுவான் என்று அவனுக்குப் பெயர் உண்டு. வயது முப்பத்தெட்டு. தங்கைக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத் தனக்குப் பார்க்கலாம் என்று இருந்தான். தங்கைக்கு முடிந்தது, அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

தங்கை செல்வப்பிரியாவும் அவள் கணவன் அமர்நாத்தும் அதே வீட்டின் மறுபாதியில் குடியிருந்தார்கள். அமர்நாத்துக்குக் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் இரவு சாப்பாட்டுக்குத்தான் வருவான். வீடு இரண்டு பாதியாக இருந்தாலும் முன்வாசல் ஒன்றுதான். சமையலும் ஒன்றுதான். காளிச்சாமியின் பழைய வெள்ளை வேன் அந்த வாசலில்தான் நிற்கும். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பைப்பும் கயிறும் ஸ்பேனரும் போட்டு வைத்திருப்பான்.

செல்வப்பிரியாவின் ஒரே குழந்தை அம்ருதா. மூன்று வயது முடிந்திருந்தது. மாமன் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த ஒருவர் போன் செய்தார். மோட்டார் நின்றுவிட்டது, முப்பது மாடு தண்ணீர் இல்லாமல் கத்துகிறது என்றார். காளிச்சாமி பாதி இட்லியில் எழுந்தான். வேனில் ஏறிப் பின்னால் எடுத்தான். ஏதோ தட்டியது. செங்கல் என்று நினைத்து இறங்கிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம்கூடக் குழந்தை உயிரோடு இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் போலீஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், காளிச்சாமி வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தபோது மதில் ஓரச் செடிக்குள் அவனுடைய தண்ணீர் பாட்டில் கிடந்ததைப் பார்த்தான். நீலக் கலர் பாட்டில். தினமும் செல்வப்பிரியாதான் அதில் தண்ணீர் பிடித்துச் சமையலறை மேடையில் வைப்பாள். அன்று அவன் அதை எடுக்காமல் போயிருந்தான். மேடை அம்ருதாவுக்கு எட்டாது. யாரோ எடுத்து அவள் கையில் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் அந்த நேரம் இருந்தது ஒரே ஒருத்திதான்.

பாட்டிலை எடுத்து வேட்டிக்குள் மறைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனான். போலீஸ் கேட்டபோது, "பின்னால பாக்காம எடுத்துட்டனுங்க. என்ற தப்புதானுங்க" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

கேஸ் பதிவானது. வேனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இருபது நாள் கழித்துக் கோர்ட் உத்தரவில் திருப்பிக் கொடுத்தார்கள். கேஸ் முடியும்வரை விற்கக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு வண்டி அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, முன்பு நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போனது.

மறுநாளிலிருந்து செல்வப்பிரியா வாசல் பக்கம் வரவில்லை. பாத்திரம் கழுவுவதும் துணி காயப்போடுவதும் புறக்கடையிலேயே நடந்தது. கடைக்குப் போவதானாலும் பின்பக்கமாகத் தென்னைகளுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு போனாள். அண்ணனோடு அவள் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அமர்நாத் பேசினான்.

"மச்சான், அந்த வண்டி என்ற கண்ணுல படக் கூடாதுங்க. எங்கியோ கொண்டுபோய் விடுங்க. இல்லைனா ஒரு நாளு நானே தீ வெச்சிருவேன்."

"சரிங்க மாப்ள" என்றான் காளிச்சாமி.

மூன்று நாள் அலைந்தான். வேலந்தாவளத்தில் தெரிந்தவர் குடோனில் கேட்டான். மரமில்லில் கேட்டான். எல்லோரும் முதலில் சரி என்றார்கள். எந்த வண்டி என்று தெரிந்ததும், "அதுங்களா... ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க" என்றார்கள். அப்புறம் யாரும் போன் செய்யவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை இருந்தது. அதன் கடைசியில், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், ஒரு ஷெட் போட்டு வேனை அதற்குள் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தான். அவனுக்கு மோட்டார் தெரியும், வெல்டிங் தெரியும். கட்டட வேலை தெரியாது. கொத்தனார் சின்னமுத்து பள்ளிக்கூடத்தில் அவனோடு படித்தவன். கேள்விப்பட்டு வந்து நின்றான்.

"ஏன்டா காளி, ரெண்டு ஆள வெச்சா ஒரு வாரத்து வேலை. நான் வந்து போட்டுத் தர்றேன். நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

"வேண்டாஞ் சின்னா. நானே பாத்துக்கறேன்."

"உனக்கு மட்டம் புடிக்கத் தெரியுமாடா?"

"கத்துக்கறேன்."

சின்னமுத்து அவன் முகத்தைப் பார்த்தான். தூக்குக்குண்டையும் நூல்கண்டையும் கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆடி மாதம். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று பகலெல்லாம் ஓயாமல் அடித்தது. கட்டிய நூல் ஒரு நொடி நேராக நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. ஆறு தூண்களுக்குக் குழி எடுத்தான். இரண்டடிக்குக் கீழே ஓடைக்கல் வந்தது. கடப்பாறையால் குத்திக் குத்தி ஒரு குழிக்கு ஒரு நாள் ஆனது. தூணுக்கென்று கடையில் எதுவும் வாங்கவில்லை. தண்ணீர் வற்றிய போர்வெல்களில் கழற்றிப் போட்ட இரும்புக் குழாய்கள் புறக்கடையில் கிடந்தன. அவற்றை அறுத்து நட்டான். ஒரு தூணை நிறுத்திக் கயிற்றில் கட்டிவிட்டு, ஓடிப்போய்க் கலவையைக் கொட்டி, மறுபடி ஓடிவந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பான். இன்னொரு ஆள் இருந்திருந்தால் கால் மணி நேர வேலை. அவனுக்கு அரை நாள் பிடித்தது.

மேற்குச் சுவர் நான்கு வரிசை ஏறியபோது தள்ளி நின்று பார்த்தான். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாருக்கும் கண்ணில் படாத அளவுதான். ஆனாலும் கல் கல்லாகப் பெயர்த்து, ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி கட்டினான். வேலை செய்துகொண்டிருக்கும்வரை அந்தக் காலை நேரம் நினைவுக்கு வருவதில்லை. கை கழுவும்போது வந்துவிடும். அதனால் இருட்டும்வரை கை கழுவமாட்டான். சாப்பாட்டைப் பக்கத்து ரோட்டுக் கடையில் வாங்கித் தென்னை மரத்தடியில் இடது கையால் பொட்டலத்தைப் பிரித்து, ஸ்பூனால் சாப்பிட்டான்.

ஒரு நாள் மத்தியானம் கூரைக்குத் தகர ஷீட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு அடி ஷீட். ஒரு முனையைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது காற்று அடித்து ஷீட் திரும்பியது. விரலைக் கிழித்துவிட்டது. இறங்கித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது செல்வப்பிரியா நின்றிருந்தாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள்.

"அண்ணா, உங்க தண்ணி பாட்டில் எங்கீங்க?"

காளிச்சாமி துணியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீலக் கலர் பாட்டிலு. அன்னிக்கு ராத்திரி வாசலெல்லாம் தேடுனேன். மதிலோரம் தேடுனேன். இல்ல." அவள் மூச்சு வாங்கினாள். "நாந்தானுங்க குடுத்தனுப்புனேன். அடுப்புல பால் பொங்கற மாதிரி இருந்துச்சு. மாமா மறந்துட்டுப் போறாங்க, ஓடிப்போய்க் குடுத்துட்டு வா சாமின்னேன். நானே சொன்னேன், ஓடுன்னு."

"தெரியும் அம்முணி."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். போலீசு வர்றதுக்கு முன்னால நாந்தான் எடுத்து வெச்சேன்."

அழுவாள் என்று காளிச்சாமி நினைத்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

"எதுக்கு எடுத்தீங்க?"

"உனக்கு எதுக்குக் கண்ணு அந்தப் பேச்சு? வண்டிய ஓட்டுனது நான். ஒருத்தன் மேல கோவம் இருந்தாப் போதும்."

"அத நீங்க எப்படி முடிவு பண்ணுவீங்க? அவரு தெனமும் உங்களப் பேசறாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கேன். வாயத் தொறக்கப் போறப்பெல்லாம், அந்தப் பாட்டில் எங்க போச்சுன்னு தெரியாம, நான் நெசமாவே அனுப்புனனா, இல்ல எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சான்னு தோணுது. மூணு மாசமா அப்படி இருக்கேன். எம் புள்ளைங்கண்ணா. நான் அனுப்புனேன். அதையுங்கூட எங்கிட்டருந்து எடுத்து ஒளிச்சுட்டீங்களே."

நல்லது செய்ததாக நினைத்திருந்தான். அவள் திரும்பி நடந்துபோனாள். அன்று மேற்கொண்டு ஒரு ஷீட்கூட ஏறவில்லை.

அன்றைக்கே அவள் அமர்நாத்திடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அமர்நாத் தென்னைகளுக்குள் நடந்து வந்தான். கட்டி முடித்த ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒரு தூணைத் தட்டிப் பார்த்தான்.

"அவ சொன்னா மச்சான்."

"அவள ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க மாப்ள."

"சொல்லல. சொல்ல முடியலீங்க." தூணிலிருந்து கையை எடுத்தான். "இத்தன நாளு உங்களத் திட்டிட்டு இருந்தேன். அப்ப கொஞ்சம் தூக்கமாவது வந்துச்சு. இனி யாரத் திட்டறது?"

அவன் வீட்டுக்குப் போய்த் தன் பாதியின் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று மத்தியானம்தான் வேன் நகர்ந்தது. ஸ்டியரிங்கில் உட்கார காளிச்சாமியால் முடியவில்லை. இரண்டு முறை கதவைத் திறந்து இரண்டு முறையும் சாத்தினான். பிறகு, மோட்டார் தூக்கும் கை வின்ச்சை ஷெட்டுக்குப் பின்னாலிருந்த தென்னையில் கட்டி, ஷெட்டின் பின்சுவரில் விட்டிருந்த திறப்பு வழியாகக் கம்பிக் கயிற்றை வீட்டின் ஓரமாக வாசல்வரை கொண்டுவந்து, வேனின் முன்பக்கம் மாட்டினான். ஆனால் வண்டி நேராக வர யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். கயிற்றால் கட்டிப் பார்த்தான். வேன் பத்தடி வந்து வரப்பில் இடித்து நின்றது.

செல்வப்பிரியா பின்வாசலைத் திறந்துகொண்டு வந்தாள்.

"நீ போ அம்முணி. வேண்டாம்."

"நீங்க இழுங்க" என்றாள்.

அவள் வண்டிக்குள் ஏறவில்லை. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, டிரைவர் பக்க ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவன் ஷெட்டுக்குப் பின்னால் நின்று வின்ச்சைச் சுற்றினான். ஒரு சுற்றுக்கு நாலு விரல்கடை நகர்ந்தது. பாத்தி, வாய்க்கால், வரப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. இடையில் இரண்டு தடவை, "நிறுத்துங்கண்ணா" என்று குரல் கொடுத்தாள். அவன் நிறுத்தினான். எட்டிப் பார்க்கவில்லை. அவளே, "ம்" என்றதும் மறுபடி சுற்றினான். வேன் உள்ளே போனதும் தகரக் கதவைச் சாத்திப் பூட்டினான். சாவியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

புரட்டாசியில் செல்வப்பிரியாவும் அமர்நாத்தும் கோயம்புத்தூருக்கே குடிபோய்விட்டார்கள். சாமான் ஏற்றிய அன்று அமர்நாத், "வர்றேனுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான். சண்டை ஒன்றும் இல்லை. அந்த வாசலில் இனி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

மறு வருஷம் மாசியில் கேஸ் எடுத்தார்கள். பார்த்த சாட்சி யாரும் இல்லை, செய்யவில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மலையாளத்தில் குற்றத்தைப் படித்துக் கேட்டபோது காளிச்சாமி, "செய்தேனுங்க" என்றான். மாஜிஸ்திரேட் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். குழந்தை அவனுக்கு என்ன உறவு என்று கேட்டார். பிறகு அபராதமும், அன்று கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்கும் தண்டனையும் விதித்தார்.

"அவ்வளவுதானுங்களா?" என்று வக்கீலிடம் கேட்டான் காளிச்சாமி.

"அவ்வளவுதான். சாயங்காலம் வரை அந்த பெஞ்சில் உட்காருங்க. எழுந்து போயிடாதீங்க."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். வேறு வேறு ஆட்களின் கேஸ்கள் வந்தன, போயின. காதில் எதுவும் விழவில்லை. பதினொரு மணி வாக்கில் வெளியே பார்த்தபோது, வராந்தா பெஞ்சில் செல்வப்பிரியா உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். போ என்று கையால் சைகை காட்டினான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு அங்கேயே இருந்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவனும் போகவில்லை, அவளும் போகவில்லை. வெயில் வராந்தாவுக்குள் வந்தபோது மட்டும் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தாள்.

ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்து போனார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

"அவரும் வர்றேன்னு சொன்னாருங்க. சட்டையெல்லாம் போட்டாரு. அப்புறம் வரல."

"பரவால்ல."

"பட்டறைல இப்ப நைட் ஷிப்ட்டும் எடுத்துக்கறாரு."

"உடம்பப் பாத்துக்கச் சொல்லு."

வேலந்தாவளத்தில் அவன் இறங்கினான். பஸ் எல்லை தாண்டிப் போய்விட்டது.

வேனைப் பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போனார். ஷெட் பூட்டியே கிடக்கிறது. காளிச்சாமி இப்போது சாமான்களை வாடகை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தான் பஸ்ஸிலும் நடந்தும் வேலைக்குப் போகிறான். மோட்டார் வேலையில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கிறது. எந்தத் தோட்டத்திலாவது டிராக்டரையோ காரையோ பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுப் போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொள்வான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் கை காட்டுவான். முதலில் சிலர் சிரித்தார்கள். இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. அவன் கை காட்டும்வரை காத்திருக்கிறார்கள்.