வலைமாமா அடைத்த ஜன்னல்

கழிமுகத்து வீடுகளின் ஜன்னல்களுக்கு வலை அடிப்பவரை ஊரே வலைமாமா என்றுதான் கூப்பிடும். அங்குள்ள பொடிப்பூச்சிக்கு எள்ளில் பாதி உடம்பு, எருமையில் பாதிப் பசி. கொசுவாவது பாட்டுப் பாடிவிட்டுக் கடிக்கும். இது சத்தமே போடாது. தண்ணீர் வற்றிய சேற்றிலிருந்து சாயங்காலம் கிளம்பி, கொசுவலையின் கண் வழியே பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக உள்ளே வரும். ஒரு தடவை தபால்காரரைச் சைக்கிளோடு தூக்கிப்போய், சைக்கிளை மட்டும் திருப்பிக் கொடுத்ததாம். பாதியை நம்பினால் போதும்.

"ஊர் ஜன்னலையெல்லாம் மூடுறீங்க, உங்க வாய்க்கு ஒரு வலை கிடைக்கலையா?" என்று அவர் மனைவி கேலி செய்வாள். அந்தக் கேலிக்கார வாய்தான் ஒரு காலையில் கோணிக்கொண்டது. பக்கவாதம். பேச்சு போயிற்று. வலக்கை விழுந்தது, இடக்கைக்கு முகம்வரை வர வலுவில்லை.

சொறிந்துகொள்வது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று கை விழுந்தவரைத்தான் கேட்க வேண்டும். முதல் சாயங்காலமே அவள் நெற்றியும் இமையும் தடித்துப்போயின. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இனி ஒரு பூச்சியும் இவளைத் தொடக் கூடாது என்று வலைமாமா கங்கணம் கட்டிக்கொண்டார்.

ஜன்னலில் இருந்த கொசுவலைமேல் நெருக்கமான நைலான் வலை அடித்தார். கடி குறைந்தது. ஆனால் அவள் முகம் ஜன்னல் பக்கமே திரும்பிக் கிடந்தது. வலைக்காரர் மூளைக்கு வேறென்ன தோன்றும்? எங்கோ ஓட்டை இருக்கிறது, இவள் கண்ணில் பட்டுவிட்டது என்றுதான். சட்டத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார், ஓட்டை இல்லை. இருக்கட்டும் என்று பழைய புடவையை ஒரு மடிப்பு வைத்து அடித்தார். அவள் மறுபடி பார்த்தாள். மறுபடி ஒரு மடிப்பு. அவள் பார்க்கப் பார்க்க இவர் ஆணி அடித்தார். மின்சாரமோ, அந்தத் தெருவை எப்போதாவது எட்டிப்பார்க்கும் கோபக்காரச் சம்பந்தி. விசிறி சும்மா தொங்கியது.

அக்காவைப் பார்க்க மச்சினி வந்தாள். கதவைத் திறந்ததுமே அடுப்பு வாய்போல் அனல் அடித்தது. அக்காவை மெல்லப் புரட்டினாள். முகத்தில் ஒரு கடி இல்லை. முதுகுத் தோல் வெந்து, புண்ணாகி, விரிப்போடு ஒட்டியிருந்தது.

"ஜன்னல்ல எங்கயோ ஓட்டை இருக்கு, அதையே பாத்துக்கிட்டிருக்கா, அதான் அடைச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் வலைமாமா.

"அத்தான், அவ ஓட்டையைப் பாக்கல. காத்தைத் தேடுறா."

வலைமாமா கட்டிலருகே குனிந்தார். "திறந்தா பூச்சி வரும்டி. பரவாயில்லையா?"

அவள் இமையை அழுத்தி மூடித் திறந்தாள். அவளுக்கு ஆமாம் சொல்லத் தெரிந்துதான் இருந்தது. இவர்தான் அதுவரை எதையும் கேட்கவில்லை.

தன் கத்தியாலேயே அத்தனை அடுக்கையும் கிழித்தார். கடற்காற்று வந்து அவள் நெற்றி முடியைக் கலைத்தது. காற்றை எதிர்த்துப் பறக்கப் பொடிப்பூச்சிக்குத் தெம்பில்லை, அதனால் பகலெல்லாம் அண்டவில்லை. சாயங்காலம் காற்று விழுந்ததும் வந்துவிட்டது. அட்டையால் விசிறினார். கை ஓய்ந்தபோது சட்டையைக் கழற்றிவிட்டு, கடிப்பவை தன்னைக் கடிக்கட்டும் என்று அவள் முகத்துக்குமேல் கவிழ்ந்து நின்றார். தினமும் நின்றார். ஆனால் புண் அதற்குள் ஆழ இறங்கிவிட்டிருந்தது. காய்ச்சல் கண்டு, அந்தப் பூச்சிக்காலம் முடியுமுன்பே அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போதும் கூப்பிட்டால் வலை அடிக்கப் போகிறார். அளவெடுக்குமுன், "உள்ள யாராவது படுத்துக் கிடக்காங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்றால், வீட்டுக்காரர் என்ன வலை வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்தக் கட்டிலருகே போய்விடுவார்.

அவர் வீட்டு ஜன்னலில் ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன.