கோணிச்சாக்குக்குள் ஒரு கணவர்

போன ஞாயிற்றுக்கிழமை, தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் கணவரைத் தேடி அலைந்தேன். காலடியிலேயே கிடந்த மனிதரைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்... நம்புவீர்களா?

காரணம், அவர் போட்டிருந்த உடுப்பு. அதைத் தைத்துக் கொடுத்த மகராசி — நான்தான்.

சேவியருக்குப் பறவைகளைப் படம் எடுக்கும் பைத்தியம். வாரம் முழுக்க ஃபேக்டரி, ஞாயிறு வந்தால் கேமரா. அந்தத் தோட்டத்து வாய்க்கால் கரையில் ஒரு மீன்கொத்தி பொந்து வைத்திருக்கிறது. இவர் தலை தெரிந்தாலே பறந்துவிடுமாம். புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடக்க ஓர் உடுப்பு வேண்டும் என்றார். ஆன்லைனில் விற்கிறார்கள்தான். ஆனால் அது ஏதோ குளிர்நாட்டுப் புல் நிறம். நம் ஊர் மீன்கொத்தி ஏமாறுமா?

சரி, வீட்டிலேயே செய்வோம் என்று உட்கார்ந்தோம். முதலில் பாசார் கடைத்தெருவில் பச்சை ராஃபியா பிளாஸ்டிக் கயிறு வாங்கி வந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி மின்னியது. நைலான் துணியோ, அசைந்தாலே சரசரத்தது. கடைசியில் மளிகைக் கடையில் பழைய கோணிச்சாக்கு கேட்டு வாங்கினோம். நூல் நூலாகப் பிரித்து, பாதியைக் கெட்டித் தேநீரில் ஊறவைத்துக் காயப்போட்டேன். மினுக்கம் இல்லை, சத்தம் இல்லை. காய்ந்த புல் அப்படியே.

சண்டை வந்தது அடித்துணியில்தான். ஈரத்தரையில் படுக்க வேண்டுமே, பழைய மழைக்கோட்டின் மேலேயே தைத்துக் கொடு என்றார். வேர்வை எந்த வழியாகப் போகும்? நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய தொளதொள பருத்திச் சட்டையில் பழைய மீன்வலையை வைத்துத் தைத்து, அதில் கோணி நூல்களை முடிந்தேன். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்று நான் தோட்டத்து ஓரம் நிறுத்திய காடியில், கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று போனவர், உச்சி வெயிலாகியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை — பறவைக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்.

வாய்க்கால் ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். எல்லாப் புதரும் அவர் மாதிரியே தெரிந்தது. எதுவும் அவராக இல்லை. ஏன் இவ்வளவு நன்றாகத் தைத்தேன் என்று அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஒரு புல்மேடு முனகியது.

"ரீத்தா... தண்ணி."

"இங்கதான்ங்க இருக்கேன்."

தலையை மூடியிருந்த கோணி முக்காட்டைக் கழற்றினேன். சட்டையைத் திறந்துவிட்டு, பாட்டில் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கண் தெளிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வெயில் மயக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் கிளினிக் டாக்டர். என்ன உடுப்பு என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். "நல்லவேளை, காத்து போற துணி. மழைக்கோட்டா இருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரிலதான் படுத்திருப்பீங்க."

சேவியர் என்னைப் பார்த்தார். "நீ சொன்னது சரிதான்லா," என்றார்.

மறைந்துகொள்ளத் துணி தேடுகிறவர்கள், கண்டுபிடிக்கவும் ஒரு வழி வைக்க வேண்டாமா? இனிமேல் அவர் படுக்கும் இடத்துக்குப் பின்னால் மரத்தில் ஓர் ஆரஞ்சுத் துணி கட்டியாக வேண்டும். மீன்கொத்திக்கு ஆட்சேபணை இருந்தால் இருக்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில், கடல் பாலம் தாண்டும்வரை காடியில் குறட்டை விட்டுக்கொண்டே வந்தார். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்... அதைக் கேட்பதற்காகத்தான்.