பாட்டிலில் போன கட்டி

போன திங்கட்கிழமை சிஞ்ச்வடில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். முதுகில் டாக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் இருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு. அதற்குமேல் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

விஷயம் இதுதான் – வலது தோள்பட்டைக்குக் கீழே எனக்கு ஒரு கட்டி. எலுமிச்சம்பழ சைஸ். வலி கிடையாது. அமுக்கினால் நழுவும். பதினோரு வருஷமாக என்னோடு இந்த மராட்டி ஊரில், ஆகுர்டி வீட்டில் குடியிருந்தது. “கொழுப்புக் கட்டிதான், ஒண்ணும் பண்ணாது” என்று கேட்டவர்களிடமெல்லாம் நானே டாக்டராகித் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். உங்களில் சிலருக்கும் எங்கேயாவது ஒன்று இருக்கும். இந்நேரம் கை அங்கே போயிருக்குமே!

அப்புறம் ஏன் இப்போது எடுத்தேன்? சமீபத்தில் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தால் இடித்தது. “இன்னும் ரெண்டு வருஷம் விட்டா அதுக்குத் தனியா சட்டை தைக்கணும்” என்றாள் என் மனைவி செல்வி. போகிறதுதான் போகிறோம், முன்கையில் இருக்கிற சின்னக் கட்டியையும் கழுத்தைச் சுற்றியிருக்கிற ஐந்தாறு மருக்களையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

செய்தி பரவியதும் வைத்தியம் குவிந்தது. செல்வியின் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து போன் செய்து, மருவுக்கெல்லாம் கத்தி எதற்கு, கோயிலில் உப்பும் மிளகும் வாங்கிப் போட்டால் தானே உதிர்ந்துவிடும் என்றார். ஆபீஸ் நண்பர் ஒருவர் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டச் சொன்னார். பிம்ப்ரியில் குதிரைக்கு எங்கே போவது? கல்யாண சீசன் வரட்டும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வரும், பின்னாலேயே போய்ப் பிடுங்கிக்கொள் என்று அதற்கும் வழி சொன்னார்.

வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி போட்ட இடம் மரத்துப்போய்விட்டது. இளம் டாக்டர், மராட்டிக்காரர். மெட்ரோ வேலையால் தன் வீட்டு வாசலில் தோண்டிய பள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு தையல் போட்டார். கடைசியில் “ஜாலா காகா, முடிஞ்சிருச்சு அங்கிள். வெறும் கொழுப்புதான்” என்றார். கைகழுவிக்கொண்டே, “இருந்தாலும் டெஸ்டுக்கு அனுப்பிப் பார்த்துடலாம்” என்றார்.

அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே... உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் செல்வியின் கையில் கொடுத்தாள். உள்ளே மருந்துத் தண்ணீரில் என் கட்டி. லேப் இரண்டு சிக்னல் தள்ளி இருக்கிறது, போகிற வழியில் கொடுத்துவிடுங்கள் என்றாள். சின்ன ஆஸ்பத்திரிகளில் பல இடங்களில் இதுதான் வழக்கம் – வெட்டுவது அவர்கள், சுமப்பது நாம். ஆட்டோவில் செல்வி பாட்டிலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“மஞ்சளா இருக்குங்க. பலாச்சுளை கணக்கா.”

“பையில போடு.”

லேபுக்குள் அவள் மட்டும் போனாள். நான் முதுகைச் சாய்க்காமல் ஆட்டோவிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவள், புதன்கிழமை ரிப்போர்ட், நேரில் வந்துதான் வாங்க வேண்டுமாம் என்று சொல்லி, பில்லை என் சட்டைப்பையில் வைத்தாள்.

மகள் நித்யாவிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டோம். அவளுக்கு விமான் நகரில் ஐடி வேலை. தோழிகளோடு அங்கேயே தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். பாவம், அவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? ரிப்போர்ட் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

புதன்கிழமை காலை போகும்முன் ஒரு போன் போட்டேன். ரிப்போர்ட் ரெடியா?

“பெயர்?”

“சுந்தரம்.”

கீபோர்டு தட்டுகிற சத்தம். “நாஹி காகா. அந்தப் பேர்ல ஒண்ணும் வரலை. நாளைக்குக் கேளுங்க” என்று மராட்டியும் ஹிந்தியுமாகச் சொன்னாள் ஒரு பெண்.

வியாழக்கிழமை கேட்டேன். அதே நாஹி. பில் நம்பர் சொல்லுங்கள் என்றாள். பில் என் சட்டைப்பையில் அல்லவா இருந்தது? சட்டையில் ரத்தக்கறை என்று திங்கட்கிழமையே செல்வி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டாள். பில் இப்போது வெள்ளையாக, மிகச் சுத்தமாக இருக்கிறது.

ஏன் வரவில்லை? புதன் என்று சொன்னது ஏன் வியாழனைத் தாண்டுகிறது? ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்து, பெரிய டாக்டருக்கு அனுப்பியிருக்கிறார்களோ? போனில் சொல்லத் தயங்குகிறார்களோ? அந்தப் பெண்ணின் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்ததே... நம் டாக்டரைக் கேட்கலாம் என்றால் அவர் ஏதோ கல்யாணத்துக்குச் சாதாரா போயிருக்கிறார். நெட்டில் தேடினேன். மூடினேன். மறுபடி திறந்தேன். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன்.

“என்னத்துக்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கிய? பேசாம உக்காருங்க” என்றாள் செல்வி.

உட்கார்ந்தால் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்கும் இடது கையில் இரண்டு கட்டிகள் இருந்தன. சின்ன வயதில் நானும் தம்பியும் அதை அமுக்கி அமுக்கி விளையாடுவோம். எண்பது வயதுவரை இருந்து, மாரடைப்பில் போனார். பார்த்தாயா, அவரை அது ஒன்றும் செய்யவில்லையே என்று மதியம் தைரியமாக இருந்தது. சாயங்காலமே அந்தத் தைரியம் போய்விட்டது. அவர் கட்டியை யார் டெஸ்ட் செய்தார்கள்?

வெள்ளிக்கிழமை ஒரு நோட்டை எடுத்தேன். கேஸ் புக் செய்கிற நம்பர், பிளம்பர் நம்பர், இன்வெர்ட்டருக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது – எல்லாம் வரிசையாக எழுதினேன். செல்வி எட்டிப் பார்த்தாள்.

“இன்வெர்ட்டருக்குத் தண்ணி நான்தான ஊத்துதேன்? நீங்க எழுதிவச்சுத்தான் எனக்குத் தெரியணுமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளும் நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நேராக லேபில் போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் தேடிவிட்டு, சுந்தரம் என்று யாரும் இல்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என் கட்டியைத் தொலைச்சிட்டீங்களா?” என்று கத்தினேன். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு, உடம்பில் எந்த இடம் என்று பொறுமையாகக் கேட்டார். அலமாரியைத் திறந்து ஒரு கவரை எடுத்தார்.

“வேலாயுதம்?” என்றார்.

“அது எங்க அப்பா.”

“அப்பாவை வரச் சொல்லுங்க.”

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது!

நடந்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு இனிஷியலை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுகிறோம். இங்கே எந்த கவுன்ட்டரில் நின்றாலும் “ஆட்னாவ் காய்?” என்று குடும்பப் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அப்பா பெயரைச் சொல்லித் தப்பித்து வருகிறேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். இவர்கள் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் எழுதினார்கள். பாட்டிலில் ‘வேலாயுதம் சுந்தரம்’ என்று ஒட்டினார்கள். லேபில் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, என்னை ஓர் ‘எஸ்’ஸாகச் சுருக்கிவிட்டார்கள். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ரெடி. நான் சுந்தரத்தைக் கேட்டு உயிரை விட்டுக்கொண்டிருக்க, அவர்கள் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆதாரைக் காட்டி, வயதைக் காட்டி, கடைசியில் முதுகில் இருந்த பிளாஸ்திரியையும் காட்டி, கவரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கேயே பிரித்தேன். சாதாரணக் கொழுப்புக் கட்டி, புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை என்று இருந்தது. மேலே நோயாளியின் பெயர், வேலாயுதம். அவருக்கும் சேர்த்தே யாரோ பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. ரோடென்றும் பார்க்காமல் அழுதேன். “நிக்டி, நிக்டி” என்று போகிற ஊரைக் கூவிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மதியம் நித்யா வந்தாள். இனி என்ன பயம்? எல்லாவற்றையும் காமெடியாகச் சொன்னேன். பலாச்சுளை, சோப்புத் தண்ணீர், “அப்பாவை வரச் சொல்லுங்க” – ஒன்று விடவில்லை. செல்விகூடச் சிரித்தாள். நித்யா சிரிக்கவில்லை.

“மண்டே நடந்துச்சா? எனக்கு ஏன் சொல்லலை?”

“நீ பயப்படுவேன்னுதாம்மா.”

அவள் குர்த்தாவின் இடது கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, உட்பக்கம், இரண்டு. ஒன்று பட்டாணி அளவு. இன்னொன்று அதைவிடப் பெரியது.

“அமுக்கிப் பாருங்க. வலிக்காது” என்றாள்.

அமுக்கினேன். நழுவியது.

“எப்போதிருந்தும்மா?”

“டூ இயர்ஸ் இருக்கும். நெட்ல பார்த்தேனா... ஏதேதோ போட்டிருந்துச்சு. ஒன் வீக் சாப்பிடவே முடியலை அப்பா. அப்புறம் பார்க்கிறதையே விட்டுட்டேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க டென்ஷன் ஆவீங்கன்னுதான்.”

நான்கு நாள் கவலைக்கு நான் இந்த வீட்டை எத்தனை தடவை நடந்திருப்பேன்! திட்டுவதற்குச் செல்வி பக்கத்தில் இருந்தாள். இந்தப் பெண் இரண்டு வருஷமாக இதைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக, சனிக்கிழமை தவறாமல் வந்து எங்களோடு சிரித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.

டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“நெக்ஸ்ட் மன்த் பார்க்கலாம் அப்பா. இப்ப ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. டென்ஷன் நகோ, விடுங்க. கொழுப்புதான் இது, எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும் உனக்கு? நீ டாக்டரா? உடம்பு விஷயத்துல போய் யாராவது தள்ளிப்போடுவாங்களா?”

கத்தியது நான்தான். செல்வி கையில் கரண்டியோடு நின்று, யார் யாருக்குச் சொல்வது என்கிற மாதிரி என்னையே பார்த்தாள்.

பார்க்கட்டும். நாளை ஞாயிறானாலும் காலை பத்தரைக்கு அவளுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.