இரண்டு வெங்கடேசன் பூனைகள்

டெல்லியில் என் அப்பாவை யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எந்தப் படிவத்தை நீட்டினாலும் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் விடமாட்டார். அப்பா அதில் தன் அப்பாவின் பெயரைப் போட்டுவிடுவார். அதனால் வங்கிக்காரர், பேப்பர்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் அவர் 'வெங்கடேசன் ஜி'தான். திருநெல்வேலியில் எப்போதோ காலமான மாமனாரைக் கிட்வாய் நகரில் தெருவே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதே என்று அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். அப்பா, அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அதே பெயரில்தான் எங்கள் பூனையும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கிளினிக்கில் பதிவாகியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, பூனைக்கு மூன்று. சாம்பல் நிறம். யாரையும் லட்சியம் செய்யாமல் வீட்டில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்பதால், தன் அலுவலக அதிகாரியை நினைத்து அப்பா அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்.

வருஷத்துக்கு ஒரு முறை மேடத்துக்குச் செக்கப். அந்த வருஷமும் எடை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், காலில் கொஞ்சம் முடியை மழித்து ரத்தம் எடுத்தார்கள். மேடமும் தன் பங்குக்குக் கம்பவுண்டரின் கையில் மூன்று கோடு போட்டது. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போன அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். கிட்னி இரண்டும் போய்விட்டதாம். இந்த வாரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்தால் சில மாதம் ஓட்டலாம், தள்ளிப்போட்டால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நான் அழுத அழுகையில் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மாடியேறி வந்து, ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். சாப்பிட மாட்டேன் என்றும் சொன்னேன், ஆனால் பூரி போட்டதால் அதில் உறுதியாக நிற்க முடியவில்லை. கிட்னி கெட்ட பூனைகளுக்கென்றே தனியாக விற்கும் டின் உணவை அப்பா வாங்கி வந்தார். மேடம் அதை முகர்ந்து பார்த்தது, மண் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிராண்டியது, பிறகு பால்கனிக்குப் போய்ப் புறாவை விரட்டியது.

"சாகக் கெடக்க பூனையா இப்படித் துள்ளுது?" என்றார் அம்மா.

"டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டாக்கும்" என்றார் அப்பா.

அம்மா ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை பார்த்தார். எந்தக் கடிதம் எந்தக் கோப்புக்குப் போகவேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. தாளைக் கையில் வாங்கினால் முதல் வரியிலிருந்துதான் படிப்பார். அப்பாவோ கையெழுத்துக்கு மேலே இருக்கும் கடைசி இரண்டு வரியை மட்டும் படிக்கிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்த அம்மா, அதுவரை அப்பாவின் பையிலேயே கிடந்த அந்த ரிப்போர்ட்டை வாங்கி, கைப்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே படித்தார். உரிமையாளர் வெங்கடேசன். பூனை, சாம்பல் நிறம். அதற்கு அடுத்த வரியில் ஆண் என்றும் வயது பதினொன்று என்றும் இருந்தது.

மேடம் அதற்கு முந்தைய வருஷம்தான் எங்கள் துணி பீரோவுக்குள் நான்கு குட்டி போட்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, கிளினிக் திறக்கும்போதே மேடத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு வாசலில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அது டைப் அடித்தவர் செய்த பிழை, ரத்தம் உங்கள் பூனையுடையதுதான் என்றார் டாக்டர். லேப் மிஷின் பொய் சொல்லாதாம். அம்மாவின் இந்தியில் ஆண்பால் பெண்பால் என்ற பேதம் கிடையாது. மேஜையும் டாக்டரும் ஒன்றுதான். ஆனால் அவர் கோபத்தில் பேசும்போது அதைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் டெல்லியில் யாருக்கும் இருந்ததில்லை. ரிஜிஸ்டரைக் காட்டுங்கள் என்றார். காட்ட முடியாது என்றார் டாக்டர். அப்படியானால் நானும் நகரமாட்டேன் என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார் அம்மா. பின்னால் ஒரு லாப்ரடாரும் இரண்டு பொமரேனியனும் ஒரு கிளியும் வரிசையில் காத்திருந்தன. அப்பா எங்களைத் தெரியாதவர்போல் சுவரில் ஒட்டியிருந்த உண்ணி மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கிளி கத்த ஆரம்பித்ததும் டாக்டர் ரிஜிஸ்டரை எடுத்தார்.

ஒரே நாளில் இரண்டு வெங்கடேசன். ஒன்று எங்கள் தாத்தாவின் பெயர். இன்னொன்று உண்மையாகவே வெங்கடேசன் என்ற பெயருள்ள ஒருவருடையது. அவருடைய அப்பா பெயர் முன்னால் போய், சொந்தப் பெயர் சர்நேம் கட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டும் சாம்பல் பூனைகள். ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஸாரி என்றார், எங்களுடைய ரிப்போர்ட்டைப் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தார். மேடத்துக்கு ஒரு குறையும் இல்லை. நான் அங்கேயே குதித்தேன். ஒரு பொமரேனியனும் சேர்ந்து குதித்தது.

அம்மா சிரிக்கக்கூட இல்லை. அப்படியானால் அவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று கேட்டார். எல்லாம் நார்மல் என்று சொன்னதாகக் கம்பவுண்டர் ஒப்புக்கொண்டார். அவர்கள் எண்ணுக்குப் போன் போட்டால் அது அணைந்து கிடந்தது. திங்கட்கிழமை மறுபடி முயற்சி செய்கிறோம் என்றார் டாக்டர். அப்பா நிம்மதியாகச் செருப்பை மாட்டினார்.

"நமக்கு மூணு நாளா ஈரக்கொலை நடுங்கிச்சுல்லா? அந்த மூணு நாளும் அவுகளுக்குச் சும்மா போயிருக்கு. இன்னும் திங்கக்கெழம வரைக்கும் விடணுமாக்கும்? ஏட்டி, வா" என்றார் அம்மா.

ரிஜிஸ்டரில் லக்ஷ்மிபாய் நகர் என்று மட்டும் இருந்ததை அவர் தலைகீழாகவே படித்துவிட்டிருந்தார். வீட்டு நம்பர்கூட இல்லையே என்று அப்பா இழுத்தார். "தமிழாளு தோசை மாவு வாங்காமலா இருப்பாக?" என்று சொல்லிவிட்டு அம்மா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். அப்பா மேடத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

லக்ஷ்மிபாய் நகரில் மாவும் முருங்கைக்காயும் விற்கிற கடைக்காரர், "எந்த வெங்கடேசன் வேணும்? ஆடிட்டா, ரயில்வேயா, ரிட்டயர்டா?" என்று கேட்டார். பூனை வெங்கடேசன் என்றேன். அந்த இலாகா அவருக்குத் தெரியவில்லை. மூன்று பேர் வீட்டுக்கும் வழி சொன்னார். ஏப்ரல் மாத வெயில். முதல் வெங்கடேசன் நாங்கள் கோயில் நன்கொடைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, போன வாரமே கொடுத்தாயிற்று என்று வலைக்கதவுக்குப் பின்னால் நின்றே சொல்லிவிட்டார். இரண்டாமவர் பூனை என்ற சொல்லைக் கேட்டதும் தும்மினார். வீட்டுக்குப் போகலாம் என்று நான் சிணுங்கினேன். அம்மா தன் முந்தானையை என் தலையில் போட்டுவிட்டு, கையை விடாமல் நடந்தார்.

மூன்றாவது வீட்டு ஜன்னலில் ஒரு சாம்பல் பூனை படுத்திருந்தது. முதுகெலும்பு வரிவரியாகத் தெரிந்தது. கதவைத் திறந்தவருக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். கோயம்புத்தூர்ப் பேச்சு. வீட்டுக்காரர் ஆபீஸ் டூர் போயிருக்கிறார் என்றார். அதே கிளினிக்கிலிருந்து வருகிறோம் என்று அம்மா சொன்னதுதான் தாமதம், அவரே ஆரம்பித்துவிட்டார்.

"பத்து நாளா சோறு தண்ணி இல்லாமக் கெடந்தானுங்க. ஒண்ணுமே இல்லைன்னு ரிப்போர்ட் வந்ததுங்க, அப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

டாக்டரையே வாயடைக்க வைத்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார். இவ்வளவு தூரம் வந்ததே சொல்லத்தானே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, அது எங்க பூனையோட ரிப்போர்ட்! எங்க மேடத்துக்குத்தான் ஒண்ணும் இல்ல. உங்க பூனைக்குத்தான் கிட்னி கராப்!"

அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினார். உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளவேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஆன்ட்டி ஜன்னலுக்குப் போய்ப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார், விஷயத்தை மெதுவாகச் சொன்னார், பூனையைத் தானே துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் அதற்கு டிரிப்ஸ் ஏறத் தொடங்கியது. அதன் பிறகு அந்தப் பூனை தீபாவளி தாண்டி, குளிர் காலமும் தாண்டி இருந்தது. டிரிப்ஸ் ஏற்றும் நாட்களில் அம்மா அலுவலகத்திலிருந்து நேரே கிளினிக்குக்குப் போய்ப் பூனையைப் பிடித்துக்கொள்வார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அன்றைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த ஆன்ட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியவர் சட்டென்று நின்று, அலமாரியிலிருந்து ஒரு பேடா டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். ரிப்போர்ட் வந்த அன்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்க வாங்கியதாம். "உன்ற பூனைக்கு நல்லாயிருச்சல்ல கண்ணு, நீ சாப்பிடு" என்றார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மாவிடம், "அந்த ஆன்ட்டி ரொம்ப ஜாலி, இல்லம்மா? நான் சொன்னதுக்குக் கோவமே வரல, ஸ்வீட் வேற குடுத்தாங்க" என்றேன். அம்மா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆட்டோக்காரர் மீட்டர் போடாததற்குத்தான் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டாவது பேடாவைத் தின்றேன்.