சிவப்பு முள் நின்ற இடம்

பிப்ரவரி 9 — 340
பிப்ரவரி 23 — 1,150
மார்ச் 16 — 85
மார்ச் 29 — 2,400

அந்த ஆண்டு எங்கள் ராக்கெட் சங்கம் சாமான்களை வைப்பதற்கும் கொண்டுபோவதற்கும் செலவழித்தது இவ்வளவுதான். முதலாவது, அலமாரிப் பலகை. இரண்டாவது, ராக்கெட் மோட்டார்களை வைக்கத் தடித்த மூடியுள்ள குளிர்பெட்டி. நான்காவது, இரண்டு டஜன் மோட்டார்கள். மூன்றாவதாக உள்ள எண்பத்தைந்து, குளிர்பெட்டிக்குள் வைக்கும் ஒரு வெப்பமானிக்கு. செயற்குழுவில் அதற்கு மட்டும்தான் ஆட்சேபம் வந்தது. “எதுக்கு, ராக்கெட்டுக்குக் காய்ச்சல் பாக்கவா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். வாங்கச் சொன்னவர் பூட்டக்கா. ஆகவே வாங்கினோம்.

பூட்டக்கா என்பது சங்கம் வைத்த பெயர். கடைத்தெரு முனையில் மருந்துக்கடை நடத்துபவர். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மருந்துகளுக்காக இரவும் பகலும் அதில் குளிரூட்டி ஓடும். அதன் இடதுபக்க மூலைதான் சங்கத்தின் சாமான் அறை; அங்குள்ள அலமாரியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில். கையெழுத்துப் போடாமல் ஒரு திருகாணிகூட அங்கிருந்து வெளியே வராது. மகனைச் சேர்த்துவிட வந்தவர் அவர். இரண்டாம் ஆண்டே மகன் மோட்டார் சைக்கிள் பக்கம் போய்விட்டான், அம்மா தங்கிவிட்டார். “அவன் விட்டுட்டுப் போன சாமானை யாராவது ஒழுங்கா அடுக்கணுமே” என்பார். அடுக்கி அடுக்கிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அதுவரை ஒரு ராக்கெட்டைக்கூட அவர் தன் கையால் ஏவியதில்லை.

நாங்கள் பறக்கவிடுவது அட்டைக்குழாயும் மெல்லிய மரச்சிறகுகளும் கொண்ட சிறு ராக்கெட்டுகள். பறக்கும்போது உடைவதைவிட வேனில் போகும்போது உடைவதுதான் அதிகம். பூட்டக்கா வந்த பிறகு அது நின்றது. நீளப் பெட்டிகளில் பஞ்சு மெத்தையை அறுத்துப் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு ராக்கெட்டையும் சிறகு எங்கும் படாதபடி படுக்க வைப்பார். மூக்குக் கூம்புகள் முட்டை அட்டையில் இருக்கும். பாராசூட்டுகளை மடிக்கவே விடமாட்டார். விரித்து, பவுடர் தடவி, துணி மாதிரி கொடியில் தொங்கவிடுவார். மடிப்பெல்லாம் திடலுக்குப் போன பிறகுதான். அறுத்த மெத்தை அவர் கணவருடையது. “என் முதுகுல பாதி உங்க சங்கத்துலதான் இருக்கு” என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் ஏற்றும் வேன் வைத்திருப்பவர் அவர். ஏவும் நாளில் எங்கள் சாமான்களை வாடகை வாங்காமல் ஏற்றி வருவார்.

பூட்டக்காவின் கண்டிப்பெல்லாம் மோட்டார் விஷயத்தில்தான். மோட்டார் என்றால் இயந்திரம் இல்லை. விரல் நீளத்துக்குத் தடித்த அட்டைக்குழாய்; உள்ளே கருமருந்தை இறுக்கி அடைத்திருக்கும். பற்றவைக்கும் கம்பிகள் வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும், வேறு வண்டியில் வர வேண்டும். மோட்டார் பெட்டி கடைசியாக, கிளம்பும் காலையில்தான் ஏற வேண்டும். சூடேறினால் மருந்து விரியும், ஆறினால் சுருங்கும். அப்போது குழாயின் சுவரை விட்டு மயிரிழை விலகக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. பற்றவைத்தால் நெருப்பு அந்த இடுக்கில் புகுந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் எரித்துவிடும். ராக்கெட் கிளம்பாது, வெடிக்கும்.

முந்தைய ஆண்டு எங்கள் ராக்கெட் ஒன்றின் எரிந்த துண்டு பக்கத்து வேலியோரப் புல்லில் விழுந்து தீப்பிடித்தது. தீயணைப்பு அதிகாரி முதல் கடிதத்தில் திடலுக்கான அனுமதியை நிறுத்தினார். நாங்கள் நடையாய் நடந்த பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, அவர் கண்முன்னால் ஒருமுறை ஏவிக்காட்ட வேண்டும். அசம்பாவிதம் நடந்தால் அனுமதி கிடையாது. அன்று ஏவாவிட்டாலும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் வேறு திடல் இல்லை. அது போனால் சங்கமும் இல்லை.

அன்று காலை வேனில் முன்னால் கணவரும் மனைவியும், பின்னால், ராக்கெட்டை நிறுத்தி ஏவும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, சங்கத்தின் குறிப்பேட்டோடு நான். மோட்டார் பெட்டி பூட்டக்காவின் மடியில். அவசரத்தில் அறையிலிருந்து அப்படியே தூக்கி வந்தவர், முதல் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் மூடியைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை.

“ஏங்க, நேத்து இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?”

“எங்க இருக்கும்? உன் குளிர் அறையில, மகாராணி மாதிரி.”

“மகாராணிக்கு ஐம்பத்தெட்டு டிகிரி காட்டுதே.”

“சும்மா சொல்லாத. இருபத்துநாலுதான். நானே பாத்தேன்.”

“நீங்க எதுக்குப் பாத்தீங்க?”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். வேன்காரர் வண்டியை எடுக்கவில்லை. இரண்டாவது ஹாரனுக்குத்தான் கியர் மாற்றினார்.

“ஒரே நடையில எல்லாத்தையும் ஏத்திடலாம்னு நினைச்சேன்” என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. “மத்தியானம் நீ சாப்பிடப் போயிருந்தப்போ ஏத்திட்டு, அண்ணன் வீட்டு வாசல்ல நிறுத்தினேன். மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு. சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு. ஓடிப்போய் மறுபடி அறையில வச்சேன். கடை சாத்தறப்போ திறந்து பாத்தேன், இருபத்துநாலு. சரி, ஆறிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

“அது கறுப்பு முள். இப்போ எவ்வளவுன்னு சொல்றது. அது ஏறும்போது சிவப்பு முள்ளைத் தள்ளிட்டுப் போகும். இறங்கும்போது சிவப்பு அங்கேயே நின்னுடும். திருகைத் திருப்பினாத்தான் இறங்கும்.”

“அப்போ திருப்பிடு.”

பூட்டக்கா பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

“நாம மூணு பேருக்குத்தான் தெரியும். இன்னைக்கு நின்னுபோச்சுன்னா திடல் போயிடும். ஊரே என் தலையிலதான் பழி போடும்.”

“கவுன்ட் டவுன் சொல்றதுக்குன்னு பசங்க தடுப்புக் கயித்தைப் பிடிச்சிட்டு முன்னாடி வந்து நிப்பாங்க” என்றார் பூட்டக்கா. பிறகு பின்னால் திரும்பினார். “ஐயா, கேட்டுட்டுத்தானே இருக்கீங்க? ஐம்பத்தெட்டுன்னு எழுதிக்கோங்க.”

“ஐயா, பேனாவை மூடுங்க” என்றார் கணவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

எழுதினேன்.  மீதி வழியெல்லாம் இரும்புக் கம்பிகள் பள்ளத்துக்குப் பள்ளம் ஒலித்தன.

திடலில் கூட்டம் கூடியிருந்தது. சங்கத் தலைவர் பல் டாக்டர்; பற்றவைக்கும் கம்பிகளோடு தன் காரில் முன்பே வந்திருந்தார். பூட்டக்கா அவரைத் தனியே அழைத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். வெயிலில் இருந்தது என்று மட்டும் சொன்னார். யார் வைத்தது என்று சொல்லவில்லை. டாக்டரின் முகம் செத்துப்போயிற்று.

“அக்கா, ஆபீசர் இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவார். இப்போ வந்து இதைச் சொல்றீங்களே!”

“இப்போதான் எனக்கே தெரியும்.”

“ஒண்ணை எரிச்சுப் பாத்துடலாம்.”

மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டாரை இரும்புப் பிடியில் இறுக்கித் தூர நின்று பற்றவைத்தோம். சீறி, ஒழுங்காக எரிந்து அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

“பாத்தீங்களா? அருமையா இருக்கு!” டாக்டருக்கு உயிர் திரும்பி வந்தது.

“மூணு பல்லு நல்லா இருந்தா மத்த பல்லைப் பாக்காமலே ஆளை அனுப்பிடுவீங்களா டாக்டர்?”

“இது பல்லு இல்லக்கா! திடல்!” அவர் குரல் மேட்டைத் தாண்டிப் போயிருக்கும். “எல்லாத்தையும் எரிச்சுப் பாத்தா பறக்கவிட எதுவும் மிஞ்சாது. பாக்கலைன்னா நீங்க தரமாட்டீங்க. அப்போ என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க!”

 பூட்டக்கா பெட்டியின் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். உறுப்பினர்கள் சிலர் சுற்றி வந்து நின்றார்கள். “பதினோரு வருஷமா எதுவும் ஆகல, இன்னைக்குப் போய் ஆகப்போகுதா?” என்றார் ஒருவர். “கிளப்பு என்ன அவங்க வீட்டுச் சொத்தா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பூட்டக்காவின் காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. 

அப்போதுதான் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, புகை வந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே நேராக எங்களிடம் நடந்தார்.

“ஏவுதளம் அங்க இருக்கு. இங்க என்ன புகை?”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பூட்டக்கா எழுந்துவிட்டார். “சார், இந்த மோட்டாரெல்லாம் நேத்து வெயில்ல வண்டியில இருந்திருக்கு. மூணை எரிச்சுப் பாத்தோம், சரியாத்தான் இருந்துச்சு. மீதியைப் பத்தி எனக்குத் தெரியாது. அதனால இன்னைக்கு ஏவ மாட்டோம்.”

“யாரு வெயில்ல வச்சது?”

“என் பொறுப்புல இருக்கற பெட்டி சார்.”

வேன்காரர் வண்டியோரமாக நின்று, சுத்தமாக இருந்த கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார்.

“அவ இல்ல சார். நான்தான் வச்சேன். மேட்ச் பாக்கப் போயிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

ஏவுதளத்துக்குப் பக்கத்தில் தீக்காக எப்போதும் ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்போம். பூட்டக்கா அதை இழுத்து வந்து, இருபத்தொரு மோட்டார்களையும் ஒவ்வொன்றாக அதில் போட்டார். கெட்டுப்போன மோட்டாருக்கு அதுதான் வழி. கொஞ்ச நேரத்தில் அட்டை ஊதிப் பிரிந்தது. தண்ணீர் மை மாதிரி ஆயிற்று. டாக்டர் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். கையில் சேறுதான் வந்தது. விரிசல் இருந்ததா என்று அறிந்துகொள்ளும் வழி அந்தத் தண்ணீரோடு போயிற்று. என் குறிப்பில் அந்தக் கட்டம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

“இந்தத் தண்ணிய எங்க ஊத்துவீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“பள்ளம் தோண்டி, செடி இல்லாத மண்ணுல சார்.”

அவர் வெப்பமானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் திருகைக் கண்டுபிடித்தார். “இதைத் திருப்பி வச்சிருந்தா?”

“யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார்.”

“எங்க வாங்கினது?”

கடையின் பெயரைச் சொன்னார். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கொண்டுவந்த ராக்கெட்டுகளை அப்படியே திருப்பி எடுத்துப் போனோம். குழந்தைகளில் ஒன்று வழியெல்லாம் அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிந்தைய வாரங்கள் நன்றாக இல்லை. கடைக்கு மாத்திரை வாங்க வந்த உறுப்பினர்கள்கூட வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். செயற்குழுவில், சாவியை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்று பேச்சு வந்தது. பூட்டக்கா வாதாடவில்லை, சாவியைக் கொண்டுபோய் டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

வேன்காரர் மட்டும் தினமும் சாயங்காலம் கடைக்குப் பின்னால் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒருநாள் அங்கே இருந்தபோது நான் கேட்டேன்.

“காலிப் பெட்டியில என்னங்க பாக்கறீங்க?”

“சிவப்பு முள்.”

“எதுக்கு?”

“பழகிக்கறேன்.”

தீயணைப்பு அதிகாரியிடமிருந்து வந்த கடிதத்தை டாக்டர் பிரிக்காமலே மருந்துக்கடைக்குக் கொண்டுவந்தார். உறையின் மேல் சாவியையும் வைத்துக் கல்லாவில் நீட்டினார். இருமல் மருந்துக்கு நின்ற ஒருவருக்குச் சில்லறை கொடுத்துவிட்டுத்தான் பூட்டக்கா உறையைக் கிழித்தார். திடலுக்கு ஓராண்டு அனுமதி. ஒவ்வொரு முறையும் ஏவுவதற்கு முன் மோட்டார் பெட்டியின் சிவப்பு முள்ளைத் தீயணைப்பு ஆளிடம் காட்ட வேண்டும். பெட்டி ஏப்ரல் 27 அன்று அதை வைத்திருந்த அம்மாவின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும்.

“வேன் ஓட்டறவனைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒண்ணும் போடல.”

“நல்ல மனுஷன்” என்றார் அவர்.

பூட்டக்கா சாவிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடிதத்தை என்னிடம் தந்தார். மூன்றாவதும் கடைசியுமான அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது ஜூன் 11.